நஞ்சுக்காட்டு டார்க்கஸ்

குல்லினப் வட்டாரத்தில் டார்க்கஸ் பெங்கெல்லியிடம் அடி வாங்காதவர்கள் இரண்டு வகைதான்: ஊருக்குப் புதிதாக வந்தவர்கள், மெதடிஸ்ட் கோயில் போதகர். போதகரும் தப்பினார் என்று அடித்துச் சொல்ல முடியாது. ஒரு ஞாயிற்றுக்கிழமை பொறுமையின் மேன்மையைப் பற்றி அவர் கொஞ்சம் நீளமாகப் பேசிவிட்டார். முன்வரிசையிலிருந்து கிளம்பிய ஒரு பாட்டுப் புத்தகம் அவருடைய காதை உரசிக்கொண்டு போய் ஆர்கன் பெட்டியில் மோதி விழுந்தது. கை நழுவிவிட்டது என்றாள் டார்க்கஸ். பிரசங்கம் அத்தோடு முடிந்தது. சபையோர் வெளியே சொல்லாமல் உள்ளுக்குள் நன்றி செலுத்தினார்கள்.

ஆள் ஒன்றும் மலை இல்லை. ஒல்லி. காய்ந்த மட்டன் துண்டுபோல் நிறம். தென்பக்கத்துத் தாமிரச் சுரங்க ஊரில், ஏழு அண்ணன்மாருக்குப் பின் பிறந்தவள். ஏழு பேருக்கு நடுவே தன் தட்டைக் காப்பாற்றிக்கொள்ளப் பழகியதில் வந்ததுதான் அந்தக் கை வேகம். அம்புரோஸ் பெங்கெல்லி தன் காதலைச் சொன்ன அன்று அவனுக்கும் ஓர் அறை விழுந்தது. கன்னத்தில் குதிரை ஈ உட்கார்ந்திருந்ததாகப் பிற்பாடு விளக்கம் தரப்பட்டது. அம்புரோஸ் அதை நம்பினான். நம்புவதுதான் அவனுடைய குணம், தொழில், உடற்பயிற்சி எல்லாமே.

அப்படி நம்பித்தான் அவன் நஞ்சு நிலத்துக்குக் கையெழுத்துப் போட்டான்.

அரசாங்கத்தின் தாராள மனத்தைப் பற்றி இங்கே ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். பூர்வகுடிகளான நூங்கார் மக்கள் காலங்காலமாக நடந்து, வேட்டையாடி, வாழ்ந்த பூமியை அவர்களிடம் ஒரு வார்த்தை கேட்காமல் எடுத்துக்கொண்ட அரசாங்கம், நல்ல நிலத்தையெல்லாம் நல்லவர்களுக்குக் கொடுத்தபின், மிச்சத்தை அம்புரோஸ் மாதிரி ஆட்களுக்கு ஒதுக்கியது. நிபந்தனை எளிது. நிலத்திலிருக்கும் நஞ்சுச்செடியை வேரோடு ஒழி. சுற்றி வேலி போடு. கெடு முடியும்போது பரிசோதகர் வருவார். ஆடு மேய்ந்து சாகவில்லையென்றால் நிலம் உனக்கு, உன் பிள்ளை குட்டிக்கு. செத்தால் நிலம், வேலி, கிணறு, வீடு எல்லாம் அரசாங்கத்துக்கு. அதன்பின் யார் கேட்கிறார்களோ அவர்களுக்கு.

கேட்கப்போகிறவன் யார் என்பதும் ஊருக்குத் தெரியும். மேற்கு வேலிக்கு அந்தப்பக்கம் கிதியோன் ஸ்டப்ஸ் காத்துக்கொண்டிருந்தான்.

இனி செடியைப் பற்றி. பட்டாணிக்கும் அவரைக்கும் பங்காளி. நல்ல குடும்பம், உலகத்துக்கே சோறு போடும் குடும்பம். அதில் இப்படி ஒன்று. இடுப்பு உயரம், இளம்பச்சை இலை. வசந்தம் வந்தால் மஞ்சளும் சிவப்புமாகப் பூத்து, கல்யாணப் பெண் மாதிரி நிற்கும். கங்காரு தின்னும், ஒன்றும் ஆகாது. வெண்கலச் சிறகுப் புறா அதன் விதையைப் பொறுக்கிப் பொறுக்கிக் கொழுக்கும். இந்த மண்ணில் பிறந்த உயிருக்கெல்லாம் அது கீரை. கப்பலில் வந்திறங்கிய உயிர்களுக்கு எமன்.

எமன் வேலை செய்வதை முதல் வருஷமே டார்க்கஸ் பார்த்தாள். இலையுதிர் காலத்துக் காலை. புதிதாக வாங்கி விட்ட மந்தையில் ஓர் ஆடு மேய்வதை நிறுத்திவிட்டு, யாரோ தன் பெயர் சொல்லிக் கூப்பிட்டதுபோல் தலையைத் தூக்கியது. பிறகு நடுங்கியது. பிறகு நேராக ஓடியது, எதிரே மரம் இருப்பதைப் பற்றிக் கவலையே படாமல். மண்டை மோதிய சத்தம் வீட்டு வாசல்வரை கேட்டது. விழுந்த பிறகும் கால்கள் நான்கும் ஓடிக்கொண்டே இருந்தன. அதைப் பார்த்து முடிப்பதற்குள் இன்னொன்று தலையைத் தூக்கியது.

"தண்ணி காட்டுவோம் டார்க்கஸ், தண்ணி காட்டினா சரியாயிடும்," என்று கத்திக்கொண்டு அம்புரோஸ் மந்தையைக் குட்டைக்கு விரட்டினான்.

நஞ்சு தின்ற ஆட்டை விரட்டக் கூடாது. தண்ணீரும் காட்டக் கூடாது. இரண்டையும் ஒன்றாகச் செய்தால் என்ன ஆகும் என்பதை அன்று குட்டைக் கரையில் எல்லாரும் தெரிந்துகொண்டார்கள். பாதி மந்தை தண்ணீரில் முகத்தை வைத்தபடியே போயிற்று. சில, சாவதற்குமுன் தங்கள் நாக்கைத் தாங்களே கடித்துத் துண்டாக்கின. குட்டை சிவந்தது. டார்க்கஸ் முதலில் கணவனை ஒரு குத்து விட்டாள். பிறகு கொட்டகைக்குப் போய்க் குந்தாலியை எடுத்தாள். ஒரு செடிக்கும் ஒரு பெண்ணுக்குமான போர் அன்று முறைப்படி அறிவிக்கப்பட்டது.

எங்கள் பக்கத்தில் நஞ்சு ஒழிக்க ஒரு முறை உண்டு. முதலில் காட்டைக் கொளுத்த வேண்டும். மண்ணுக்குள் வருஷக்கணக்காகத் தூங்கும் விதைகள் சூடு பட்டதும் விழித்துக்கொண்டு, மழை விழுந்ததும் மொத்தமாக முளைக்கும். அப்போது கொத்திப் போட வேண்டும். மறுவருஷம் மிச்சத்தைக் கொத்த வேண்டும். அதற்குப் பிறகுதான் வேலி. அம்புரோஸ் ஆர்வக் கோளாறில் வேலியை முதலில் போட்டுவிட்டான். இரண்டு குளிர்காலம் உட்கார்ந்து வெட்டிச் செதுக்கிய, ஜாம் என்கிற காட்டு மரத்து வேலிக்கால்கள். தீ வைத்தால் அத்தனையும் சாம்பல். ஆகவே டார்க்கஸ் தீ வைப்பதில்லை என்று முடிவு செய்தாள். கண்ணுக்குத் தெரியும் செடியை எல்லாம் குந்தாலியால் கொல்வது, கண்ணுக்குத் தெரியாததைக் கர்த்தரிடம் விடுவது.

ஸ்டப்ஸ் வேலிமேல் சாய்ந்துகொண்டு இதை வேடிக்கை பார்ப்பான். குழைந்து பேசுகிற ஆசாமி, தேன்பாகு தடவிய ரொட்டி மாதிரி.

"என்ன பெங்கெல்லியம்மா, கொளுத்தாமயே கொத்தறீங்களே. கீழ விதை தூங்கிட்டிருக்குமே."

"தூங்கட்டும்யா. பரிசோதகர் வந்துட்டுப் போற வரைக்கும் தூங்கினாப் போதும். அப்புறம் நானே எழுப்பி விடறேன்."

"திடீர்னு எங்கயாவது தீ கீ பிடிச்சா?"

"பிடிச்சா உன் தாடியில பிடிக்கட்டும்."

இதுதான் நிலவரம். கெடுவுக்குள் ஒரு பொறிகூட அந்த நிலத்தில் விழக் கூடாது. விழாவிட்டால் நிலம் டார்க்கஸுக்கு. விழுந்தால் ஸ்டப்ஸுக்கு. டார்க்கஸ் அந்த நிலத்துக்குள் யாரையும் புகைபிடிக்க விடவில்லை. குழாய் பற்ற வைத்த ஒரு துணி வியாபாரியின் கையை அவள் முறுக்கிய முறுக்கில், அவன் அதன்பின் இடது கையால் கஜம் போட்டான்.

வருஷங்கள் இப்படிப் போயின. அவள் கொத்தினாள். உள்ளங்கைத் தோல் உரிந்து, காய்ந்து, மறுபடி உரிந்து, கடைசியில் செருப்புத் தோல் ஆயிற்று. வேரடியில் சுருண்டிருந்த பாம்புகளையும் அதே வீச்சில் துண்டாக்கினாள். கூலிக்கு வந்த ஒருவன் செடியை வேரோடு எடுக்காமல் தண்டை மட்டும் வெட்டி ஏமாற்றியபோது, அவனைக் கழுத்தோடு பிடித்து அந்தக் குழிக்குள்ளேயே முகத்தை அழுத்தி, "வேர் தெரியுதா பாரு, நல்லாப் பாரு," என்று காட்டிக் கொடுத்தாள். தெரிகிறது என்று அவன் மண்ணுக்குள்ளிருந்தே ஒப்புக்கொண்டான்.

ஸ்டப்ஸ் தன் எல்லையோரத்து நஞ்சுப் புதரை மட்டும் வெட்டவே இல்லை. காய் வெடித்து விதை இந்தப் பக்கம் தெறிக்கட்டும் என்று பிள்ளைபோல் வளர்த்தான். ஒருநாள் டார்க்கஸ் வேலியைத் தாண்டிப் போய் அந்தப் புதரைக் கொத்த ஆரம்பித்தாள். ஸ்டப்ஸ் மண்வாரியோடு ஓடி வந்தான். பேச்சுவார்த்தை நீளவில்லை. முடிவில் ஸ்டப்ஸின் முன்பற்கள் இரண்டு அவனுடைய சொந்த நிலத்திலேயே விழுந்தன. வழக்குப் போட்டான். குந்தாலிக் காம்பு தானாகத் துள்ளியது என்று டார்க்கஸ் சத்தியம் செய்தாள். ஒரே சாட்சியான அம்புரோஸ், தான் அப்போது ஒரு பறவையைப் பார்த்துக்கொண்டிருந்ததாகச் சொன்னான். வழக்கு தள்ளுபடி. பல் இல்லாத இடத்தில் நாக்கை வைத்துத் துழாவியபடி ஸ்டப்ஸ் வெளியே வந்தான். அந்த நாக்கு அன்றிலிருந்து ஓயவில்லை.

கெடு முடியும் வருஷம் வந்தது. வசந்தத்தில் பரிசோதகர் வரவேண்டும். அதற்கு முந்தைய கோடையில் அந்த நிலத்தில் தலைதூக்கிய ஒரு நஞ்சுச்செடி கிடையாது. டார்க்கஸ் குந்தாலியைத் தோளில் போட்டுக்கொண்டு எல்லையைச் சுற்றி வருவாள், பின்னாலேயே அவளுடைய இரண்டு நாய்கள், நெட்டும் டச்சஸும். மனிதர்களை அடித்தே பழகிய அந்தக் கை, நாய்களிடம் மட்டும் வேறு கையாகிவிடும். ரொட்டியின் அடிக்கருகலைச் சுரண்டிவிட்டு நல்ல பாகத்தை அதுகளுக்குப் போடுவாள். கருகல் அம்புரோஸுக்கு.

இப்போது புறாவைப் பற்றி. வெண்கலச் சிறகுப் புறாவின் கறி மனிதனுக்கு ஒன்றும் செய்யாது. ஆனால் அது தின்ற விதையின் நஞ்சு குடலிலும் எலும்பிலும் நிற்கும். நாய் தின்றால் தீர்ந்தது. அதனால் எங்கள் பக்கத்தில் புறா சுட்டால் குடலையும் எலும்பையும் நேராக அடுப்புக்குள் போட்டுவிடுவார்கள். குழந்தைக்கு ஞானஸ்நானம் கொடுக்க மறந்தவர்கள் உண்டு. புறாக்குடலை எரிக்க மறந்தவர்கள் கிடையாது.

ஸ்டப்ஸ் மறந்தான்.

காலைச் சாப்பாட்டு நேரத்தில் நெட் ஒன்றுமில்லாத இடத்தைப் பார்த்துக் குரைத்தது. பிறகு ஓலமிட்டது. நாயின் குரலே இல்லை அது. வீட்டைச் சுற்றிச் சுற்றி ஓடி, தண்ணீர்த் தொட்டியில் மோதி விழுந்து, எழுந்து, மறுபடி அதே தொட்டியில் மோதியது. மூன்றாவது தடவை எழவில்லை. டச்சஸ் சுவரைக் கடித்தது. டார்க்கஸ் அதைத் தூக்கி மடியில் அழுத்திக்கொண்டாள். அது அவளுடைய முழங்கைக்குக் கீழே கடித்தது. பல் எலும்பில் உராயும் சத்தம் அம்புரோஸுக்குக் கேட்டது.

"விடு டார்க்கஸ். விட்டுடும்மா."

அவள் விடவில்லை. உடம்பு விறைத்து, உதறி, அடங்கும்வரை மடியிலேயே வைத்திருந்தாள். பிறகு தாடையை விரலால் பிரித்துத் தன் கையை எடுத்துக்கொண்டாள்.

வேலியோரம் போய்ப் பார்த்தாள். தன் பக்கத்துப் புல்லில் புறாச் சிறகுகள் பளபளத்தன. குடல் கிடந்த இடத்தில் ஈ மொய்த்தது. அந்தப்பக்கம் ஸ்டப்ஸ் தொப்பியைக் கையில் எடுத்துக்கொண்டான்.

"மறந்தே போச்சு பெங்கெல்லியம்மா. வயசாகுது பாருங்க."

டார்க்கஸ் அவனை அடிக்கவில்லை. திரும்பி நடந்தாள். அந்தச் செய்தி பரவியதும் ஊரில் சிலர் வண்டி கட்டி உறவினர் வீட்டுக்குப் போய்விட்டார்கள்.

மறுநாள் காலை கிழக்குக் காற்று அடுப்பு ஊதுவதுபோல் வீசியது. டார்க்கஸ் மண்ணெண்ணெய் டப்பாவோடு மேற்கு வேலிக்குப் போனாள். அம்புரோஸ் முன்னால் போய் நின்றான். அவன் வாழ்க்கையில் யார் முன்னாலும் போய் நின்றது அது ஒன்றுதான்.

"வேணாம் டார்க்கஸ். சாயங்காலம் காத்து திரும்பும். தினம் திரும்புது."

"திரும்பறதுக்குள்ள அவன் வாசப்படி வரைக்கும் போயிருக்கும்."

"நம்ம மண்ணுல விதை கெடக்கு. ஒரு பொறி விழுந்தா எல்லாம் போச்சு. உனக்குத் தெரியும்."

தெரியும். டப்பா அவன் காதோரம் விழுந்தது. அவன் மண்ணில் படுத்தபடியே மீதியைச் சொன்னான். அதைக் கேட்க அவள் அங்கே இல்லை.

ஸ்டப்ஸின் புதர்க்காடு வெடித்தது. தீ ஓடிய ஓட்டத்தில் முயல்கள் ரோமம் எரிய எரிய வெளியே வந்து, எரிந்துகொண்டே வேறு புதருக்குள் போய் அதையும் பற்றவைத்தன. ஒரு கங்காரு, வயிற்றுப் பையில் குட்டியோடு, முள்கம்பியில் சிக்கி அப்படியே நின்று கருகியது. ஸ்டப்ஸ் ஈரச்சாக்கால் அடித்தான், தொப்பியால் அடித்தான். மீசை போயிற்று. கொட்டகை போயிற்று. வீட்டுத் தாழ்வாரத்தின் ஒரு மூலை போயிற்று. டார்க்கஸ் வேலிக்கு இந்தப் பக்கம் கை கட்டிக்கொண்டு நின்றாள்.

மத்தியானம் தாண்டியதும் காற்று ஒரு நிமிஷம் நின்றது. பிறகு, தினம் செய்வதைச் செய்தது.

தீ திரும்பி வந்தபோது அதற்குப் பசி இன்னும் அதிகம். ஜாம் மரக்கால்கள் ஒவ்வொன்றாகப் பிடித்துக்கொண்டன. அந்த மரம் எரிந்தால் ரொட்டியில் தடவும் பழப்பாகின் வாசனை வரும். அத்தனை வருஷத்து வேலியும் பாகு மணக்க எரிந்தது. டார்க்கஸ் பச்சைக்கிளையை ஒடித்து அடித்தாள், பாவாடையால் அடித்தாள், வெறுங்காலால் மிதித்தாள். பக்கத்தில் ஒருவன் கூடவே அடித்துக்கொண்டிருந்தான். புகை விலகியபோது பார்த்தால் ஸ்டப்ஸ். பழக்க தோஷம், தீயைக் கண்டால் யார் நிலம் என்று பார்க்காமல் அடிப்பது இந்தப் பக்கத்து வழக்கம். இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். டார்க்கஸ் கிளையால் அவன் முகத்தில் ஒன்று வைத்துவிட்டு மறுபடி தீயை அடிக்கப் போனாள். வீடு தப்பியது. நிலம் முழுக்கக் கறுத்தது.

கான்ஸ்டபிள் மாலி விசாரிக்க வந்தார்.

"தீ எப்படிப் பிடிச்சுது?"

"மின்னல்," என்றாள் டார்க்கஸ்.

"ஒரு மாசமா மேகமே இல்லையேம்மா."

"அதான் எனக்கும் ஆச்சரியமா இருக்கு."

அம்புரோஸைக் கேட்டார். காதில் கட்டோடு அவன், தான் அப்போது தரையைப் பார்த்துக்கொண்டிருந்ததாகச் சொன்னான். அது உண்மையும்கூட. கான்ஸ்டபிள் புத்தகத்தை மூடினார். ஸ்டப்ஸின் நாக்கு பல் இல்லாத இடத்தில் சுழன்றது.

இலையுதிர் கால மழை இறங்கியது. சில நாள் கழித்து டார்க்கஸ் வாசலுக்கு வந்து பார்த்தாள். மொட்டையடித்த தலையில் முடி துளிர்ப்பதுபோல், எல்லையிலிருந்து எல்லைவரை நஞ்சு முளைத்திருந்தது. தூங்கியதெல்லாம் எழுந்துவிட்டது. இளங்கன்றுதான் முதிர்ந்த செடியைவிடக் கொடியது. அவள் வாசல் தூணை ஒரு குத்துக் குத்தினாள். விரல் முட்டி ஒன்று உடைந்தது. உடைந்த கையைத் துணியால் குந்தாலியோடு சேர்த்துக் கட்டிக்கொண்டு இறங்கினாள்.

குளிர்காலம் முழுக்க அவள் கொத்த, அம்புரோஸ் புது வேலி நட்டான். அவளுக்குப் பேச நேரமில்லை, அடிக்கவும் நேரமில்லை. அம்புரோஸ் கொஞ்சம் எடை போட்டான்.

வசந்தத்தில், பரிசோதகர் தோர்ன்பரோ முன்னறிவிப்போடு வந்தார். குடை, கண்ணாடி, நேரத்துக்குச் சாப்பாடு. உலகத்தில் வேறெதிலும் அவருக்குப் பெரிய ஈடுபாடு இருந்ததாகத் தெரியவில்லை. அவர் வழக்கத்தைச் சொன்னார்: பசித்த ஆடுகளை நிலத்தில் மேய விடுவது. அவற்றுக்குச் சாட்சி ஆடுகள் என்று பெயர். சொந்த ஆடு செல்லாது, பக்கத்து நிலத்துக்காரர்தான் கொடுக்க வேண்டும். நஞ்சில் செத்தால் யாரும் பொறுப்பில்லை.

ஸ்டப்ஸ் மகிழ்ச்சியோடு சம்மதித்து, பல் விழுந்த கிழட்டு ஆடுகளாகப் பார்த்துப் பொறுக்கி நிறுத்தினான். தோர்ன்பரோ கண்ணாடியைத் துடைத்துக்கொண்டார்.

"இதுங்க தின்னாது ஸ்டப்ஸ். தின்னாத சாட்சி என்ன சாட்சி? அதோ அந்த மந்தையிலேர்ந்து குடுங்க. அந்தக் கிடாவும் வரட்டும். நல்லாத் தின்னும்போல இருக்கு."

அந்தக் கிடா கண்காட்சியில் மூன்று தடவை முதல் பரிசு நீலப்பட்டை வாங்கியது. ஸ்டப்ஸ் அதற்குத் தன் செத்துப்போன மாமனாரின் பெயரை வைத்திருந்தான். மாமனாரிடம் காட்டாத மரியாதையை எல்லாம் அதனிடம் காட்டினான். அவன் முகம் வெளிறியது. "அடுத்த வாரம் வர்றேன். அதுவரைக்கும் பட்டியில அடைச்சு வையுங்க," என்று சொல்லிவிட்டுத் தோர்ன்பரோ மதியச் சாப்பாட்டுக்குப் போனார்.

மறுநாள் காலை டார்க்கஸ் நிமிர்ந்து பார்த்தால், நாலு முழம் தள்ளி ஸ்டப்ஸ் தன் குந்தாலியோடு அவளுடைய நிலத்தைக் கொத்திக்கொண்டிருந்தான்.

"இங்க என்னய்யா வேலை உனக்கு?"

"என் கிடா மேயப் போற இடம். நான் பாத்துக்கறேன்."

"என் நிலத்துல கால் வெச்சா உடைப்பேன்னு சொல்லியிருக்கேன்."

"உடைங்க. கொத்தி முடிச்சப்புறம் உடைங்க. இந்த வரிசையை நீங்க விட்டுட்டீங்க பெங்கெல்லியம்மா. கண்ணு தெரியலையா?"

"உன் நாக்கை முதல்ல வேரோட எடுக்கறேன் இரு."

அந்த வாரம் குல்லினப்பில் அப்படியொரு வேலை நடந்ததில்லை. இரண்டு பேரும் போட்டி போட்டுக் கொத்தினார்கள். நடுவில் குந்தாலியைக் கீழே வைத்துவிட்டு உருண்டு புரண்டார்கள், எழுந்து மண்ணைத் தட்டிக்கொண்டு மறுபடி கொத்தினார்கள். ஸ்டப்ஸுக்கு ஒரு கண் வீங்கி மூடிக்கொண்டது. மற்ற கண்ணால் டார்க்கஸ் விட்ட செடிகளைக் கண்டுபிடித்துக்கொண்டே இருந்தான். அம்புரோஸ் இரண்டு பேருக்கும் தேநீர் கொண்டுவந்து, எட்டாத தூரத்தில் வைத்துவிட்டு ஓடினான்.

ஆடுகள் இறங்கின. முதல் நாள் மேய்ந்தன. நன்றாக இருந்தன. இரண்டாம் நாளும் அப்படியே. தோர்ன்பரோ மடக்கு நாற்காலியில் குடையின் கீழ் உட்கார்ந்து தூங்கினார். டார்க்கஸும் ஸ்டப்ஸும் தூங்கவில்லை. வேலியைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு ஆட்டின் கழுத்தையும் பார்த்தபடி நின்றார்கள். கடைசி நாள் மத்தியானம். இன்னும் சாயங்காலம்வரை தாங்கினால் போதும். அம்புரோஸ் கங்காரு வால் குழம்பு வைத்திருந்தான். அதன் வாசனை தோர்ன்பரோவை எழுப்பி வீட்டுக்குள் கூட்டிக்கொண்டு போயிற்று.

பள்ளத்து ஓரம் மேய்ந்த கிடா, மேய்வதை நிறுத்தியது. யாரோ கூப்பிட்டதுபோல் தலையைத் தூக்கியது.

டார்க்கஸ் பார்த்தாள். ஸ்டப்ஸும் பார்த்தான். கிடாவின் தொடையில் நடுக்கம் தொடங்கி முதுகுக்கு ஏறியது. இன்னும் கொஞ்ச நேரத்தில் அது ஓடும். மோதும். கால்கள் காற்றில் ஓடும். கதவு திறக்கும். கைத்துணியால் வாயைத் துடைத்துக்கொண்டு அரசாங்கம் வெளியே வரும். அத்தனை வருஷமும் அந்தக் கால்களோடு சேர்ந்து ஓடிவிடும்.

டார்க்கஸ் ஒரே எட்டில் வேலியைத் தாண்டினாள். குந்தாலி மேலே போய், கொம்புகளுக்கு நடுவே இறங்கியது. மண்டை பிளந்த சத்தத்துக்கு மற்ற ஆடுகள் சிதறின. கிடா மடங்கி விழுந்தது. உதறல்கூட இல்லை. ரத்தம் அவளுடைய முகத்திலும் மார்பிலும் அடித்தது. ஸ்டப்ஸ் எழுப்பிய ஓலத்துக்குத் தோர்ன்பரோ கையில் கரண்டியோடு ஓடி வந்தார்.

அவர் கிடாவைப் பார்த்தார். கிடாவின் தலை இருந்த இடத்தைப் பார்த்தார். டார்க்கஸைப் பார்த்தார்.

"இது எப்படிச் செத்துச்சு?"

"நான்தான் அடிச்சேன்."

"எதுக்கு?"

"என்னை ஒரு மாதிரி பாத்துச்சு."

வேறு யார் சொல்லியிருந்தாலும் தோர்ன்பரோ நம்பியிருக்க மாட்டார். ஆனால் வருகிற வழியில் குதிரை லாயத்திலும் மதுக்கடையிலும் தபால் ஆபீசிலும் டார்க்கஸ் பெங்கெல்லியைப் பற்றி அவர் கேள்விப்பட்டதற்கு இந்தப் பதில் கொஞ்சம் சாதுவாகவே இருந்தது. ஆனாலும் கடமை என்று ஒன்று இருக்கிறதே. அவர் ஸ்டப்ஸ் பக்கம் திரும்பினார்.

"நீங்க இங்கதான நின்னீங்க. அடி விழறதுக்கு முன்னாடி கிடா எப்படி இருந்துச்சு? நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. நஞ்சுக்கான அடையாளம் ஏதாவது இருந்துச்சா?"

ஸ்டப்ஸ் வாயைத் திறந்தான். நடுங்கிச்சு என்று ஒரே வார்த்தை. நிலம், வேலி, கிணறு எல்லாம் அவனுக்கு. அந்த வார்த்தை அவனுடைய பல் இல்லாத சந்துவரைக்கும் வந்துவிட்டதை டார்க்கஸ் பார்த்தாள். குந்தாலியிலிருந்த ரத்தத்தைப் பாவாடையில் நிதானமாகத் துடைத்தாள். முதல் தடவையாக அவனைப் பார்த்துச் சிரித்தாள்.

"ஒரே அடிதான் ஸ்டப்ஸ். உன் பல்லுக்கு ரெண்டு அடி வேண்டியிருந்துச்சு."

பல்லும் மீசையும் கொட்டகையும் மாமனார் பெயரும் ஒன்றாக ஸ்டப்ஸின் தலைக்கு ஏறின.

"கிடா கல்லு மாதிரி இருந்துச்சு ஐயா," என்று கத்தினான். "ஒரு குறை இல்லை. வாழ்நாள்ல அப்படி ஆரோக்கியமா இருந்ததில்லை. இந்தப் பொம்பளை ஒப்புக்கிட்டா, கேட்டீங்கல்ல? பச்சைக் கொலை. கான்ஸ்டபிளைக் கூப்பிடுங்க. ஜெயில்ல போடுங்க இவளை."

"சத்தியம் பண்ணுவீங்களா?"

"எத்தனை பைபிள் வேணும்?"

தோர்ன்பரோ தலையாட்டினார். மற்ற ஆடுகள் சாயங்காலம்வரை மேய்ந்தன. எதற்கும் ஒன்றும் ஆகவில்லை. வெயில் சாயும் நேரத்தில் அவர் நிலம் சுத்தம் என்று கையெழுத்துப் போட்டு, அம்புரோஸின் கையில் கொடுத்து, மீதிக் குழம்பை விசாரித்தார். ஸ்டப்ஸ் அந்தக் காகிதத்தைப் பார்த்தான். தன் கிடாவைப் பார்த்தான். தான் சொன்னது என்ன என்பது அப்போதுதான் மெதுவாக அவனுக்குள் இறங்கியது.

ஆயினும் பாதி ஆசை நிறைவேறியதே. கான்ஸ்டபிள் மாலி வண்டியோடு வந்தபோது, டார்க்கஸ் ஏறுவதைக் காண ஸ்டப்ஸ் ஞாயிற்றுக்கிழமைக் கோட்டைப் போட்டுக்கொண்டு வந்து நின்றான். அவளும் கோயிலுக்குப் போகும் தொப்பியை வைத்துக்கொண்டு, கான்ஸ்டபிளின் உதவியைத் தட்டிவிட்டு, தானே ஏறி உட்கார்ந்தாள். பிறகு குனிந்து கணவனின் சட்டைக் காலரைப் பிடித்துத் தன் வாயருகே இழுத்தாள்.

"பள்ளத்து ஓரமா ஒண்ணை நான் பாக்காம விட்டிருக்கேன்யா. கிடா பாதிதான் தின்னிருக்கு. மீதியைப் பிடுங்கு. வேரோட."

வண்டி தூசியில் மறைந்ததும் அம்புரோஸ் கொட்டகைக்குப் போய்க் குந்தாலியைத் தேடினான். அதைக் கொலை ஆயுதம் என்று கான்ஸ்டபிள் வண்டியிலேயே ஏற்றிக்கொண்டு போயிருந்தார். அவன் பள்ளத்துக்கு இறங்கி, மண்டியிட்டு, தங்கள் சொந்த மண்ணைக் கையாலேயே தோண்டினான்.